கணக்கில் வராத பத்து வருஷம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பாடம் மாதிரி இருக்க வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் திகைத்துப் போனேன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத், மற்றொன்று கால்பந்து. லேத் பற்றி எழுத எங்கள் இயந்திரவியல் பிரிவில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே கால்பந்தை எடுத்துக்கொண்டேன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். சாயங்காலம் முழங்காலில் மண்ணோடு வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பார்: "படிக்க அனுப்பினா பந்து உதைச்சிட்டு வர்றியே, அதுல என்னப்பா இருக்கு?" மூன்று வருஷமாக நான் பதில் சொல்லவில்லை. கோபத்தால் அல்ல, பதில் தெரியாததால்தான். ஒரு மனிதரின் வாழ்க்கைப் பணியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜெர்ரி யேக்லி. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த நாட்டுக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். ஆனால் நான் சொல்லப் போவது அவர் ஜெயித்த கதை மட்டும் அல்ல.

முதலில் ஒரு விளக்கம்

அமெரிக்காவில் "ஃபுட்பால்" என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். நம் கால்பந்துக்கு அங்கே "சாக்கர்" என்று பெயர். அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. ஆண்கள் சாக்கருக்கு அது தேசியப் போட்டி நடத்த ஆரம்பித்தது 1959-ல்தான். ஆரம்பத்தில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் கொடிதான் பறந்தது. பாப் கெல்க்கர் என்ற பயிற்சியாளரின் கீழ் 1959, 1960, 1962, 1963, 1965 என ஐந்து முறை அவர்கள் கோப்பையை எடுத்தார்கள்.

நடுவே 1961-ல் மட்டும் ஒரு சின்னக் கல்லூரி குறுக்கே வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில், ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் பெற்ற வெஸ்ட் செஸ்டர் கல்லூரி அது. இறுதி ஆட்டத்தில் செயின்ட் லூயிஸையே 2-0 என்று வென்றது. அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர்தான் நம் யேக்லி.

கிளப் என்றால் என்ன?

1963-ல் யேக்லி இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கும் ப்ளூமிங்டன் ஊருக்கு வந்தார். உடற்கல்வித் துறையில் ஆசிரியர் வேலை. அதோடு அங்கே இருந்த சாக்கர் கிளப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அணிகள் இரண்டு வகை. ஒன்று "வார்சிட்டி". அதாவது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி. அதற்குப் பண ஒதுக்கீடு உண்டு, பயணச் செலவு உண்டு, என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆடும் உரிமை உண்டு. மற்றொன்று "கிளப்". இது நம் ஊரில் பசங்க சேர்ந்து வைத்துக்கொள்ளும் மன்றம் மாதிரி. ஆர்வம் இருந்தால் ஆடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் தேசியப் போட்டிக்குப் போக முடியாது. எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில் அது ஏறாது.

யேக்லி இப்படிக் கிளப்பை நடத்தியது ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. 1963 முதல் 1972 வரை பத்து வருஷம்!

இண்டியானாவில் விளையாட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது கூடைப்பந்துக்கு உயிரை விடும் மாநிலம். 1971-ல் பாப் நைட் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் அங்கே வந்தார். 1976-ல் அவர் அணி 32 ஆட்டம் ஆடி 32-லும் ஜெயித்து தேசியக் கோப்பையை எடுத்தது. நீச்சலில் டாக் கவுன்சில்மேன் என்ற பயிற்சியாளரின் அணி 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு முறை தேசியச் சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்தான். இப்படிப்பட்ட இடத்தில், அங்கீகாரமே இல்லாத ஒரு அணியை ஒரு உடற்கல்வி ஆசிரியர் பத்து வருஷம் கட்டிக் காத்தார். பக்கத்துக் கட்டிடத்தில் கல்யாண விருந்து நடக்கும்போது நம் வீட்டில் கஞ்சி குடிக்கிற மாதிரிதான்.

1973-ல்தான் சாக்கருக்கு வார்சிட்டி அந்தஸ்து கிடைத்தது. இன்று பதிவேட்டில் யேக்லியின் கணக்கு அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. முந்தைய பத்து வருஷம் அதில் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பத்து வருஷமும் அவர் "அங்கீகாரம் வரட்டும், அப்புறம் ஒழுங்காகச் செய்யலாம்" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1973-ல் அங்கீகாரம் வந்திருக்கும், ஆனால் அணி இருந்திருக்காது. ஏனென்றால் வார்சிட்டி ஆகி மூன்றே வருஷத்தில், 1976-ல், அவர்கள் தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றார்கள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு அணியைச் செய்ய முடியாது. அது முன்பே அங்கே இருந்தது. பெயர் மட்டும்தான் புதிதாக வந்தது.

மூன்று முறை ஒரே எதிரி

1976 இறுதி ஆட்டம். தோல்வியே காணாமல் வந்த இண்டியானா, சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திடம் 1-0 என்று தோற்றது.

1978. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் அதே சான் ஃபிரான்சிஸ்கோ. 2-0 என்று தோல்வி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டக்காரர் தகுதி பற்றிய விதிமீறலுக்காக அந்தக் கோப்பையை என்.சி.ஏ.ஏ. பிறகு பறித்துக்கொண்டது. ஆனால் தோற்ற இண்டியானாவுக்கும் கொடுக்கவில்லை. அந்த வருஷத்துக்குச் சாம்பியன் இல்லை, அவ்வளவுதான்.

1980. மூன்றாம் முறையும் இறுதி ஆட்டம். எதிரே யார்? அதே சான் ஃபிரான்சிஸ்கோ! கூடுதல் நேரம் வரை போய் 4-3 என்று தோல்வி.

நம்மில் ஒருவர் ஒரே பாடத்தில் மூன்று முறை அரியர் வைத்தால் என்ன சொல்வோம்? "ராசி இல்லைடா" என்போம். யேக்லி நான்காம் முறையும் அணியைக் கூட்டிக்கொண்டு இறுதி ஆட்டத்துக்குப் போனார். 1982, ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரம். எதிரணி ட்யூக் பல்கலைக்கழகம். ஆட்டம் முடியவே மாட்டேன் என்றது. ஒரு கூடுதல் நேரம், இரண்டு கூடுதல் நேரம் என்று எட்டுக் கூடுதல் நேரம் வரை போனது! கடைசியில் இண்டியானா 2-1 என்று வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் க்ரெக் தாம்சன்.

இப்போது அப்படி ஒரு ஆட்டம் நடக்க வாய்ப்பில்லை. 2022-ல் மாற்றிய விதிப்படி, தேசியப் போட்டியில் பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு கூடுதல் நேரம், அதற்கு மேல் பெனால்டி உதை.

1963-ல் ஊருக்கு வந்தவர் 1982-ல் முதல் கோப்பையைத் தொட்டார். இடையே பத்தொன்பது வருஷம். இதை எழுதும் எனக்கு வயது பதினெட்டு. நான் பிறந்து இன்று வரை ஓடிய காலத்தைவிட அதிகமாக ஒரு மனிதர் ஒரே வேலைக்குக் காத்திருந்திருக்கிறார்.

கொஞ்சம் கணக்கு

பாலிடெக்னிக் மலரில் கணக்கு இல்லாமல் கட்டுரை எழுதினால் ஆசிரியர்கள் விட மாட்டார்கள்! 1973 முதல் 2003 வரை 31 பருவங்களில் யேக்லியின் கணக்கு இது:

வெற்றி - 544
தோல்வி - 101
சமன் - 45
மொத்த ஆட்டம் - 690

690-ல் 544 என்றால் ஏறத்தாழ 79 சதவீதம் வெற்றி. தோல்வியை 31-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல்.

தேசியக் கோப்பைகள் ஆறு: 1982 (ட்யூக்), 1983 (கொலம்பியா), 1988 (ஹோவர்ட்), 1998 (ஸ்டான்ஃபோர்ட்), 1999 (சான்டா கிளாரா), 2003 (செயின்ட் ஜான்ஸ்). அடைப்புக்குள் இருப்பது இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி.

இனி இரண்டாவது பட்டியல். இறுதி வரை வந்து தோற்ற வருஷங்கள்: 1976, 1978, 1980, 1984, 1994, 2001. இதுவும் ஆறு!

ஆறு வெற்றி, ஆறு தோல்வி. நாணயம் சுண்டினாலும் இதே கணக்குதானே வரும் என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், இறுதி நாளன்று எந்தப் பக்கம் விழும் என்பது ஒருவர் கையில் முழுசாக இல்லை. ஆனால் பன்னிரண்டு முறை அந்த மைதானத்தில் போய் நிற்பது இருக்கிறதே, அது நாணயம் அல்ல, உழைப்பு. பயிற்சியாளரின் வேலை அங்கே அணியைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். 1988-க்கும் 1998-க்கும் நடுவே பத்து வருஷம் கோப்பை கிடையாது. 1997-ல் 23 ஆட்டம் வரிசையாக ஜெயித்துவிட்டு, அரையிறுதியில் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். 24 ஆட்டத்தில் ஒரே தோல்வி, அதுவும் தோற்கக் கூடாத நாளில். அடுத்த வருஷமே திரும்பி வந்து கோப்பை எடுத்தார்கள்.

கல்லூரிப் பயிற்சியாளர் என்ன வேலை செய்கிறார்?

மைதான ஓரத்தில் நின்று கத்துவதுதான் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். அது வேலையில் கால் பங்குகூட இல்லை.

1. ஆள் சேர்ப்பது. பள்ளிகளில் ஆடும் மாணவர்களைத் தேடிப் பிடித்து, பெற்றோரிடம் பேசி, தம் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

2. உதவித்தொகையைப் பங்கு போடுவது. முதல் பிரிவு ஆண்கள் சாக்கருக்கு நீண்ட காலம் இருந்த உச்சவரம்பு 9.9. அதாவது பத்துப் பேருக்குக்கூடத் தேறாத முழு உதவித்தொகை. அதை அணியில் இருக்கும் இருபது இருபத்தைந்து பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்குப் பாதி, யாருக்குக் கால், யாருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்வது லேசான காரியமா? 2025-ல் இந்த விதி மாறி, பல பல்கலைக்கழகங்களில் தொகை வரம்பு போய் ஆள் எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. சாக்கருக்கு 28 பேர்.

3. படிப்பைக் கவனிப்பது. மதிப்பெண் குறைந்தால் அங்கே ஆட முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வெளியேதான் உட்கார வேண்டும்.

4. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, ஆண்டுதோறும் அணியை மறுபடி கட்டுவது. ஒரு மாணவன் பொதுவாக நான்கு பருவம்தான் ஆடலாம். நன்றாகப் பழகிய கை போய்விடும், புதுக் கை வரும். தொழில்முறை அணியில் நல்ல ஆட்டக்காரனைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் அது நடக்காது.

இந்த நான்காவது நமக்கு நன்றாகப் புரியும். நமக்கு மூன்றே வருஷம். முதல் வருஷம் பயத்தில் போகிறது, இரண்டாம் வருஷம் பழகுகிறது, மூன்றாம் வருஷம் முடிகிறது. ஒர்க்‌ஷாப்பில் மெஷின் அப்படியே இருக்கும், அதை ஓட்டும் பையன்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதுக் கையிலும் வேலை அளவு தவறாமல் வருகிறது என்றால், அதற்குப் பின்னால் மாறாமல் நிற்கும் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். இண்டியானாவில் அந்த ஒருவர் யேக்லி. அவரிடம் ஆடிய ஆங்கெலோ டிபெர்னார்டோ 1978-லும், அர்மாண்டோ பெட்டன்கோர்ட் 1981-லும், கென் ஸ்னோ 1988, 1990 என இரண்டு முறையும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெர்மன் டிராஃபியை வாங்கினார்கள். பெட்டன்கோர்ட் 1982 உலகக் கோப்பைக்குத் தன் தாய்நாடான ஹோண்டுராஸ் அணியில் போனவர். தலைமுறை தலைமுறையாக ஆள் மாறினார்கள், தரம் மாறவில்லை.

மூன்று பேர், மூன்று பாதை

இந்த வேலையில் மேலே போக வழி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ப்ரூஸ் அரீனாவைப் பாருங்கள். 1978-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது அதே கல்லூரியில் லக்ராஸ் என்ற வேறொரு விளையாட்டுக்கும் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. 1996-ல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி தொடங்கியபோது அங்கே போனார். பிறகு தேசிய அணிக்குப் பயிற்சியாளராகி, 2002 உலகக் கோப்பையில் காலிறுதி வரை கொண்டுபோனார். யு.சி.எல்.ஏ.வின் சிகி ஷ்மிட்டும் அப்படித்தான். மூன்று கல்லூரிக் கோப்பைக்குப் பிறகு 1999-ல் தொழில்முறை அணிக்குப் போய் அங்கேயும் கோப்பைகள் எடுத்தார். 2018-ல் அவர் காலமானார்.

யேக்லி போகவில்லை. கிளப் பத்து, வார்சிட்டி முப்பத்தொன்று, ஆக நாற்பத்தொரு பருவம் ஒரே ஊரில் இருந்தார். போனவர்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் திறமைக்கு அது சரியான பாதை. ஆனால் மேலே போவது மட்டும்தான் வளர்ச்சி என்று நாம் நினைக்கிறோமே, அது சரியா என்று யேக்லியைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவும் மகனும்

1994 இறுதி ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரே அரீனாவின் வர்ஜீனியா. இண்டியானா அணியில் இறுதியாண்டு மாணவராக ஆடியவர் டாட் யேக்லி, பயிற்சியாளரின் மகன். அப்பாவும் மகனும் சேர்ந்து கோப்பை தூக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. 1-0 என்று தோற்றார்கள்.

2003 தான் தமக்குக் கடைசிப் பருவம் என்று யேக்லி முன்பே அறிவித்துவிட்டார். ஆரம்பத்தில் தடுமாறிய அணி போகப் போகச் சூடு பிடித்தது. டிசம்பர் மாதம், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், பனி விழுந்த மைதானம். செயின்ட் ஜான்ஸை 2-1 என்று வென்று, கடைசி ஆட்டத்தில் கோப்பையோடு வெளியே வந்தார்.

அடுத்த வருஷம் அவரிடம் ஆடி, அவருக்கே உதவியாளராக இருந்த மைக் ஃப்ரைடாக் பொறுப்பேற்றார். 2004-லும் கோப்பை இண்டியானாவுக்கே வந்தது. 2010-ல் மகன் டாட் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2012-ல் ஜார்ஜ்டவுனை 1-0 என்று வென்று, 1994-ல் கைநழுவிய கோப்பையை எடுத்தார். அந்த 544-ல் இவை எதுவும் சேராது. அவர் போன பிறகும் ஓடியது அவர் வைத்துவிட்டுப் போன அணி. இதுவும் கணக்கில் வராத கணக்குதான்.

நமக்கு என்ன?

நம் கல்லூரிக் கால்பந்து அணியும் ஒரு கிளப் மாதிரிதான். பந்துக்கு நாமே காசு போடுகிறோம். கோலுக்கு வலை இல்லை. போன வருஷம் மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கித் திரும்பினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அன்று ராத்திரி, "இனிமேல் ஆடுவதில்லை, யாருக்காக ஆடுவது?" என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ள எழுதுகிறேன்.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனேன். அங்கே முதலாம் ஆண்டுத் தம்பிகள் ஆறு பேர் இரண்டு செங்கல்லைக் கோலாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, ஆஃப்சைடு எப்படிண்ணே பார்க்கறது?" என்று ஒருவன் கேட்டான். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் போகிறேன்.

அப்பாவுக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. "பந்துல ஒண்ணும் இல்லப்பா. அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கறதுல இருக்கு." இன்னும் சொல்லவில்லை. மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

இந்த ஏப்ரலோடு எனக்கு மூன்று வருஷம் முடிகிறது. நாங்கள் ஒரு கோப்பையும் வாங்கவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறோம். யார் யார் பயிற்சிக்கு வந்தார்கள், எந்த ஆட்டத்தில் எப்படித் தோற்றோம், எந்தத் தம்பிக்கு இடது கால் நன்றாக வருகிறது என்று எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறோம். அதை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்.

தம்பிகளே, நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கோடு போடச் சுண்ணாம்பு ஒர்க்‌ஷாப் பின்புறம் மூட்டையில் இருக்கிறது.



- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு